வலது கால் முன்னே, அம்மா!

கடந்த ஆண்டு மார்ச் மாதம். இரவுச் சாப்பாடு முடிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டே அம்மா கேட்டார்:

"செவ்வாய்க்கிழமை ராத்திரி உனக்கு ஷிஃப்ட் இருக்கா?"

"இல்லம்மா. ஏன்?"

"சபையில ஒரு டான்ஸ் கிளாஸ் ஆரம்பிக்கிறாங்க. தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. நீயும் வாயேன்."

வானொலியில் சில விநாடி சத்தம் இல்லாமல் போனாலே நேயர்கள் தொலைபேசியை எடுத்துவிடுவார்கள், நிலையத்தில் ஏதோ கோளாறு என்று. அன்று எங்கள் சமையலறையில் அதைவிட நீண்ட நேரம் சத்தம் இல்லை. குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் உண்டு. எனக்கு ஒன்பது வயதிலிருந்து பதினோரு வயதுவரை பரதநாட்டியம் கற்றுக்கொண்டேன். எங்கள் வட்டாரத்துச் சமூக மன்றத்தில் சனிக்கிழமை வகுப்பு. சலங்கை கட்டி ஆடும் நாள் நெருங்கியபோது எங்கள் சபையின் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்தார். "நம்ம பிள்ளைங்களுக்கு இது எதுக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. சலங்கை வீட்டில் இல்லை. அப்பா எதுவும் சொல்லவில்லை. முடிவு எடுத்தவர் அம்மா.

அதன்பிறகு பேச்சுப் போட்டி, மேடைப் பேச்சு, ஊடகப் படிப்பு, வானொலி. உடம்பு தேவைப்படாத வேலை. குரல் மட்டும் போதும். நாள் முழுக்க ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து பேசுகிறேன், யாரும் என்னைப் பார்ப்பதில்லை. இந்தத் தொழிலை அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தேனா என்று முப்பத்தாறு வயதில் யோசித்து என்ன ஆகப்போகிறது?

ஆக, அந்த அம்மா என்னை நடன வகுப்புக்குக் கூப்பிடுகிறார். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆராதனைக்கும் கிளினிக்குக்கும் தவிர அம்மா வீட்டைவிட்டு வெளியே போவதே குறைந்திருந்தது. "வரேம்மா" என்றேன்.

பூ கட்டுகிற மாதிரி

ஆலயத்தின் மாடியில் ஒரு கூடம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் பதினான்கு பெண்கள், இரண்டு ஆண்கள். பெரும்பாலோர் அம்மாவின் வயதினர். என் வயதில் நான்கு பேர். சொல்லித்தர வந்தவர் ஒரு சீனப் பெண்மணி, வேறொரு சபையைச் சேர்ந்தவர். ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் என்பதால் முதல் நாளிலேயே எல்லாருக்கும் அவர் 'டீச்சர்' ஆகிவிட்டார். எபிரேயப் பாடல்களுக்கு வட்டமாக ஆடும் ஆட்டங்களை இருபது வருடமாகக் கற்றுத்தருகிறவர்.

அவர் பேசுவது ஆங்கிலம். எங்கள் பாட்டிகளில் சிலருக்கு ஆங்கிலம் வேகமாக வந்தால் பிடிபடாது. "நீதான் ரேடியோவில பேசுறவளாச்சே, நீ சொல்லு" என்று மொழிபெயர்ப்பு வேலை என் தலையில் விழுந்தது.

முதல் சிக்கலே 'கிரேப்வைன்'. இந்த ஆட்டங்களில் அதிகம் வரும் அடி அதுதான். வலது கால் இடது காலுக்கு முன்னே குறுக்காகப் போகும். இடது கால் பக்கவாட்டில் நகரும். அடுத்து வலது கால் பின்னால் குறுக்காகப் போகும். மறுபடியும் இடது கால் பக்கவாட்டில். முன்னே, பக்கம், பின்னே, பக்கம். திராட்சைக்கொடி பின்னிப் போவதைப்போல என்பதால் அந்தப் பெயர். இதை எப்படித் தமிழில் சொல்வது? 'திராட்சைக்கொடி நடை' என்று சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் கால் நகரவில்லை. எழுபத்தொரு வயதுப் பாட்டி ஒருவர் டீச்சரின் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அட, பூக் கட்டுற மாதிரி. நாரு ஒரு தரம் முன்னால, ஒரு தரம் பின்னால." அவ்வளவுதான். தேக்காவில் பூக்கடைக்காரர்களின் விரலைப் பார்த்திருக்கிற எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அதற்குப் பெயர் 'பூக்கட்டு'. டீச்சரும் அப்படியே சொல்லக் கற்றுக்கொண்டார், 'பூ'வை மட்டும் நீட்டி.

இன்னொன்று 'ஏமன் அடி'. எபிரேயத்தில் 'சாஅத் தேமானி' என்பார்கள். ஏமன் நாட்டு யூதர்களின் ஆட்டத்திலிருந்து வந்தது. வலது பக்கம் ஓர் அடி, இடது காலில் ஓர் அடி, வலது கால் குறுக்கே ஓர் அடி, பிறகு ஒரு நிறுத்தம். நான்கு எண்ணிக்கையில் மூன்று அடி. நடனம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், 'தகதிமி'யில் கடைசி 'மி'யை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டால் அதுதான். இருபத்தைந்து வருடத்துக்கு முன் விட்ட சொற்கட்டு உதட்டில் தானாக வந்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. பக்கத்தில் நின்ற அம்மா கேட்டும் கேட்காததுபோல இருந்தார்.

பரதத்தில் முன்பக்கம் என்று ஒன்று உண்டு. பார்ப்பவர் அங்கே இருப்பார். இந்த வட்டத்தில் முன்பக்கமே இல்லை. எல்லாரும் நடுவைப் பார்த்து நிற்கிறோம், நடுவில் யாரும் இல்லை. எதிரே தெரிவது உங்களைப்போலவே காலைத் தடுமாறி வைக்கிற இன்னொருவரின் முகம். தப்பாக ஆடினால் மறைக்கவும் முடியாது, அதற்காக யாரும் உங்களைத் தனியாகப் பார்க்கப்போவதும் இல்லை. கை கோத்திருப்பதால் பக்கத்தில் இருப்பவர் இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

கை கோப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. எங்கள் வகுப்பில் இடது உள்ளங்கை மேலே பார்த்து, வலது உள்ளங்கை கீழே பார்த்து. அப்படி நின்றால் யாருக்கும் மணிக்கட்டு முறுக்காது. அம்மாவின் கையை நான் கடைசியாக அவ்வளவு நேரம் பிடித்திருந்தது அப்பாவின் நல்லடக்கத்தன்று. மோதிரம் தளர்ந்திருந்தது. விரல் மெலிந்திருக்கிறது என்று தினம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

தண்ணீருக்கு ஒருமை கிடையாது

நாங்கள் கற்ற மூன்று ஆட்டங்களில் எல்லாருக்கும் பிடித்தது 'மாயிம்'. எபிரேயத்தில் மாயிம் என்றால் தண்ணீர். அந்தச் சொல் எப்போதும் பன்மையிலேயே இருக்கும், ஒருமை வடிவமே கிடையாது. டீச்சர் இதைச் சொன்னபோது ஒரு பாட்டி, "ஒரு சொட்டுன்னாலும் பன்மையா?" என்று கேட்டார். ஆமாம், ஒரு சொட்டானாலும்.

பாடலின் வரி ஏசாயா தீர்க்கதரிசியின் 12ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது, இரட்சிப்பின் ஊற்றுகளிலிருந்து மகிழ்ச்சியோடு தண்ணீர் மொள்வதைப் பற்றியது. ஆட்டம் மிகச் சுலபமாகப் பார்வைக்குத் தெரியும். முதலில் பூக்கட்டு அடியில் வட்டம் இடது பக்கமாக நகரும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசை, அதாவது நம் ஊர்க் கோயில்களில் வலம் வரும் திசை. பிறகு எல்லாரும் நடுவை நோக்கி ஓடி, கைகளை மெல்ல உயர்த்தி, மறுபடி பின்வாங்க வேண்டும். ஊற்று பொங்கித் தணிவதுபோல. கடைசிப் பகுதிதான் ஆளைக் கொல்லும்: ஒரு காலில் குதித்துக்கொண்டே மறு காலின் நுனியை முன்னே தொட்டு எடுக்க வேண்டும். வேகமான தாளத்தில். எங்கள் பாட்டிகள் குதிக்கவில்லை. டீச்சரும் குதிக்கச் சொல்லவில்லை. குதிகாலை மட்டும் தூக்கினால் போதும் என்றார்.

ஐந்தாவது வாரம் அந்தப் பகுதியில் அம்மா நிலைதடுமாறிக் கீழே உட்கார்ந்துவிட்டார். விழவில்லை, உட்கார்ந்துவிட்டார் என்பதுதான் சரி, என் கையை விடாமல். நானும் கூடவே உட்கார்ந்தேன். மறுபக்கத்தில் இருந்த ஆன்ட்டியும் உட்கார்ந்தார். மூன்று பேரும் தரையில். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா போன பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

முழங்கால் வலி இருப்பவர்களுக்கு ஒரு தகவல். நாங்கள் போட்டுக்கொண்டது ரப்பர் அடிப்பாகம் அதிகம் ஒட்டாத மெல்லிய காலணி. வெறும் காலுறையோடு ஆடினால் வழுக்கும், ஓட்டக் காலணியோடு ஆடினால் திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளும். இதை நாங்கள் கற்றுக்கொண்டது அம்மா உட்கார்ந்த பிறகுதான்.

'மூவாயிரம் வருடத்து' ஆட்டமா?

வகுப்பில் சேர்ந்த புதிதில் பலரும் நினைத்தது, நானும் நினைத்தது, இது தாவீது ராஜா ஆடிய ஆட்டம் என்று. உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வந்தபோது தாவீது தன் முழு பலத்தோடு ஆடினான் என்று இரண்டாம் சாமுவேல் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. அதைச் சன்னல் வழியாகப் பார்த்த அவன் மனைவி மீகாள் மனதுக்குள் இகழ்ந்தாள். செங்கடலைக் கடந்த பிறகு மிரியாம் தம்புருவை எடுக்க, மற்றப் பெண்கள் ஆடிக்கொண்டு அவள் பின்னே போனார்கள். அங்கே வரும் எபிரேயச் சொல் 'மாஹோல்' என்பதன் பன்மை.

வானொலிக்காரிக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் சரிபார்க்காமல் ஒலியேற்ற மாட்டாள். தேடிப் படித்தேன். மிரியாமும் தாவீதும் எந்த அடியை வைத்தார்கள் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. நாங்கள் ஆடுகிற ஆட்டங்களுக்கு வயது நூறுதான், சிலவற்றுக்கு அதுகூட இல்லை.

'ஹோரா' என்ற பெயரே ருமேனியா பக்கத்து வட்ட ஆட்டத்தின் பெயர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள் கொண்டுவந்தது. பாரூக் அகதாத்தி என்ற நடனக் கலைஞர் 1924இல் மேடைக்காக ஒரு ஹோராவை அமைத்தார், அது மக்களிடம் பரவி இன்றும் அவர் பெயராலேயே ஆடப்படுகிறது. 'மாயிம்' 1937இல் நாஆன் என்ற கிபுட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில், நெடுநாள் தேடலுக்குப் பிறகு தண்ணீர் கிடைத்ததைக் கொண்டாட அமைக்கப்பட்டது. ஆட்டத்தை அமைத்தவர் ஜெர்மனியிலிருந்து வந்த எல்சே தூப்லோன், இசை இம்மானுவேல் அமிரான். 1944இல் தாலியா கிபுட்ஸில் குரித் காத்மன் என்ற பெண்மணி முதல் பெரிய நாட்டுப்புற நடன விழாவைக் கூட்டினார். எல்லாருக்கும் தெரிந்த 'ஹவா நகீலா'வின் மெட்டுகூட ஐரோப்பிய ஹசிதிய யூதர்கள் சொல்லில்லாமல் பாடிய மெட்டு, அதைக் குறித்துவைத்தவர் இடெல்சோன் என்ற இசை ஆய்வாளர்.

தரையை உதைத்து ஆடும் 'தெப்கா' வகை ஆட்டம் அரபு மக்களின் 'தப்கே'யிலிருந்து எடுக்கப்பட்டது. ஏமன் அடி எங்கிருந்து வந்தது என்பதை முன்பே சொல்லிவிட்டேன். ஆக, பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் 'நமக்கென்று ஓர் ஆட்டம் வேண்டும்' என்று முனைந்து சேர்த்துக் கட்டிய கதம்பம் இது. அப்போது அது வழிபாடும் அல்ல. பண்ணைகளில் உழைத்த இளைஞர்களில் பலர் சமயப் பற்று இல்லாதவர்கள். இந்த ஆட்டங்களைக் கிறிஸ்தவ சபைகள் ஆராதனைக்கு எடுத்துக்கொண்டது 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் பெருகியது.

(ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் 'மாயிம்' ஆட்டத்தை நாட்டுப்புற நடனமாகக் கற்கிறார்கள். பாட்டு எந்த மொழி என்றுகூடத் தெரியாமல் ஆடி வளர்ந்தவர்கள் அங்கே ஏராளம்.)

இதை வகுப்பில் சொன்னபோது சிலர் முகம் வாடியது. "அப்போ பைபிள் காலத்து டான்ஸ் இல்லையா?" என்றார் ஓர் ஆன்ட்டி. டீச்சர் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் நிதானமாக, "பாட்டின் சொல் பழையது, கால் புதியது" என்றார். எனக்கு அந்தப் பதில் போதும் என்று தோன்றியது. எல்லாருக்கும் போதவில்லை.

வட்டத்தை விட்டுப் போனவர்

எங்களில் ஒருவர் சட்டத்துறையில் இருப்பவர், முப்பது வயது இருக்கும். ஏழாவது வாரம் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"அக்கா, தினமும் காஸா செய்தியைப் பார்த்துட்டு, செவ்வாய்க்கிழமை வந்து இந்தப் பாட்டுக்கு ஆட என்னால முடியல. நான் யாரையும் தப்பு சொல்லல. என் கால் போகல."

என்ன பதில் சொல்வது? மாலைச் செய்தியை நானே வாசிக்கிறேன். அந்த எண்ணிக்கைகளை ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள். 'இது அரசியல் இல்லை, ஆராதனை' என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு தேசம் தன்னைத் தானே உருவாக்கிக்கொண்டபோது சேர்த்துக் கட்டிய ஆட்டம் என்று நான்தானே படித்துவிட்டு வந்து சொன்னேன்? அரசியல் இல்லாத ஆட்டம் என்று அதே வாயால் எப்படிச் சொல்வது?

மறுநாள் அலுவலகச் சிற்றுண்டிச்சாலையில் மலாய்ப் பிரிவுத் தோழியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன், இப்படி ஒரு வகுப்புக்குப் போகிறேன் என்று. அவர் முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்தேன். கொஞ்சம் மாறியது, பொய் சொல்ல விரும்பவில்லை. பிறகு, "உன் அம்மாவோடு போகிறாயா? நல்லது" என்றார். எபிரேயத்தில் பண்டிகைக்கு 'ஹாக்' என்று சொல்வார்கள் என்றேன். "ஹஜ்!" என்றார் உடனே. ஆமாம், இரண்டும் ஒரே வேர். அவர் பெற்றோர் ஹஜ் போய்வந்தவர்கள். காபாவை ஏழு முறை சுற்றி வருவதைப் பற்றிச் சொன்னார். யூதர்களும் சிம்ஹாத் தோரா திருநாளில் தோராச் சுருளை ஏந்தி ஆடிக்கொண்டு ஏழு சுற்று வருவார்கள் என்று நான் படித்திருந்தேன், சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மைலோவைக் கலக்கிக்கொண்டிருந்தோம். அதற்குமேல் பேசவில்லை.

எட்டாவது வாரம் அந்தத் தங்கை வரவில்லை. ஒன்பதாவது வாரமும் வரவில்லை.

இதற்கிடையில் வேறு திசையிலிருந்தும் எதிர்ப்பு. அறுப்பின் பண்டிகை ஆராதனையில் நாங்கள் ஆடுவதாக ஏற்பாடு. ஆலயக் குழுவில் ஒரு மூத்தவர், பலிபீடத்துக்கு முன்னால் ஆட்டம் கூடாது என்றார். என் வீட்டில் தேநீர் குடித்த பெரியவர் இல்லை, அவர் காலமாகிப் பல வருடம். ஆனால் அதே குரல், அதே 'நமக்கு எதுக்கு இது?'

எங்கள் போதகர் ஐயா ஒரு செய்தி சொன்னார். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் ஏறக்குறைய 1800இல் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். குறவஞ்சி என்பது பாட்டும் ஆட்டமும் சேர்ந்த நாடக வடிவம். இருநூறு வருடத்துக்கு முன்பே தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் அந்த வடிவம் வந்துவிட்டது, இப்போது நாம் எதை எதிர்க்கிறோம் என்று அவர் கேட்டார். மூத்தவர் அசையவில்லை. கடைசியில், ஆலயத்துக்குள் வேண்டாம், ஆராதனை முடிந்தபின் வெளி முற்றத்தில் ஆடலாம் என்று முடிவானது. வெயிலில், பிரியாணி வாங்க நிற்கும் வரிசைக்குப் பக்கத்தில்.

எனக்குக் கோபம் வந்தது. பதினோரு வயதுக் கோபம் அப்படியே பத்திரமாக உள்ளே இருந்திருக்கிறது.

ரயிலில் சொன்னது

அன்று இரவு பெருவிரைவு ரயிலில் வீடு திரும்பும்போது அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். ஆலயக் குழுவைத் திட்ட ஆரம்பித்து, எங்கேயோ வழிமாறி, "என் சலங்கையை நீங்க என்ன செஞ்சீங்க?" என்று வந்து நின்றேன். இருபத்தைந்து வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி.

அம்மா எதிர் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எங்கள் புளோக்கில் ஆறாவது மாடியில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாராம். சில வருடம் கழித்து அந்தப் பெண்ணின் அரங்கேற்றத்துக்கு அழைப்பு வந்தது. அப்பாவிடமும் என்னிடமும் சொல்லாமல் அம்மா தனியாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

"ஏன் போனீங்க?"

"சலங்கை சத்தம் கேக்கணும்போல இருந்துச்சு."

இரண்டு நிறுத்தம் கடந்தது.

"நான் கும்மி அடிப்பேன், தெரியுமா?" என்றார்.

தெரியாது. அம்மா வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளத் தொழிலாளர் குடியிருப்பில். பொங்கல் சமயத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் கும்மி அடிக்கும்போது அம்மாவும் போய்ச் சேர்ந்துகொள்வார். ஒருநாள் அவருடைய பாட்டி பார்த்துவிட்டு வீட்டுக்கு இழுத்துவந்து, வேற்றுச் சாமிப் பாட்டுக்குக் கை தட்டினாயா என்று அடித்திருக்கிறார். அம்மாவுக்கு அப்போது பத்து வயது.

"எனக்கும் அதுதான் சரின்னு சொல்லிக்குடுத்தாங்க. அதையேதான் உனக்கும் செஞ்சேன். வேற என்ன தெரியும் எனக்கு?"

மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இறங்கும்போது படிக்கட்டில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு வேலை செய்தேன். வகுப்பு முடியும் நேரத்தில் டீச்சரிடம், "என் அம்மாவுக்கு ஒரு வட்ட ஆட்டம் தெரியும்" என்றேன். அம்மா என்னை முறைத்த முறைப்பை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் மற்றப் பாட்டிகள் விடவில்லை. அவர்களில் பாதிப் பேருக்குக் கும்மி தெரிந்திருந்தது, யாரும் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. பழைய கீர்த்தனை ஒன்றின் மெட்டு கும்மித் தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. குனிந்து தட்டு, நிமிர்ந்து தட்டு, பக்கத்தில் திரும்பித் தட்டு. கை கோக்க முடியாது, கைதான் தாளம். எண்ணிக்கை பிடிபடாமல் டீச்சர் எதிர்த்திசையில் போய் இரண்டு பேரை முட்டினார். "அகெய்ன், அகெய்ன்" என்று அவர் கேட்க, அம்மா பொறுமையாக மறுபடி செய்து காட்டினார். அதுவரை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்று வேலையே இல்லை.

பிறகு படித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. கொச்சியில் வாழ்ந்த யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மலையாளத்தில் பாடல்களைக் கையேடுகளில் எழுதிவைத்துத் திருமணங்களிலும் பண்டிகைகளிலும் பாடிவந்திருக்கிறார்கள், சில பாடல்களுக்குக் கைகொட்டி வட்டமாக ஆடியும் இருக்கிறார்கள். எபிரேய வேதத்தில், சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களில் மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்ற சொல் வருகிறது. அது தமிழ்த் 'தோகை'யிலிருந்து போனது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். இன்றைய எபிரேயத்தில் அதே சொல்லுக்குக் கிளி என்று பொருளாம். மயில் எங்கே கிளி ஆனது, நடுவழியில் யார் மாற்றினார்கள் என்று யோசித்தபடி அன்றைய நிகழ்ச்சியில் ஒரு பாட்டைத் தவறாக அறிவித்துவிட்டேன்.

முற்றத்தில்

பண்டிகை நாளுக்கு முன் நாங்கள் உட்கார்ந்து சில முடிவுகள் எடுத்தோம். கொடி எதுவும் இல்லை. 'பைபிள் காலத்து நடனம்' என்ற அறிவிப்பு இல்லை, எது எங்கிருந்து வந்தது என்று உள்ளபடி சொல்வது. ஆட்டத்துக்கு முன் அந்த மண்ணில் சாகிற எல்லாருக்காகவும், பெயர் பிரிக்காமல், ஒரு ஜெபம். மூன்று எபிரேய ஆட்டங்களில் ஒன்றைக் குறைத்துவிட்டுக் கும்மியைச் சேர்ப்பது. அறிவிப்பை எழுதியதும் வாசித்ததும் நான். வட்டத்தை விட்டுப் போன தங்கைக்கும் அந்த அறிவிப்பை அனுப்பினேன். 'நன்றி அக்கா' என்று மட்டும் பதில் வந்தது.

அவர் வந்தார். ஆராதனையில் உட்கார்ந்தார், ஜெபத்தில் கண் மூடினார், ஆட்டத்துக்கு வரவில்லை. முற்றத்தின் ஓரத்தில் பாட்டிகளின் கைப்பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு கைப்பைகள்.

மணி பன்னிரண்டரை. தகரக் கூரையின்கீழ் கொதிக்கிறது. 'ஹினே மா தோவ்' மெதுவாகத் தொடங்கியது. சகோதரர் ஒருமித்து வாழ்வதைப் பற்றிய 133ஆம் சங்கீதப் பாடல் அது. ஒலிபெருக்கி இரண்டு முறை நின்றுபோனது. இரண்டாவது முறை நாங்களே பாடிக்கொண்டு ஆடினோம். 'மாயிம்' வந்தபோது பிரியாணி வரிசையிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்து நடுவில் நுழைந்தார்கள், வட்டம் இரண்டாகி, ஒன்றுக்குள் ஒன்றாகி, யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்றே தெரியவில்லை. அம்மா கடைசிப் பகுதியில் காலை மாற்றி வைத்தார். "வலது கால் முன்னே, அம்மா!" என்று நான் கத்தியது ஒலிபெருக்கியைவிடச் சத்தமாகக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். குரல் பயிற்சி பெற்றவளோடு ஆடுவதில் இப்படியும் ஓர் ஆபத்து.

கும்மிக்கு நிறையப் பேர் வந்தார்கள். ஆலயக் குழு மூத்தவர் வரவில்லை. கையில் சாப்பாட்டுத் தட்டோடு தூணருகே நின்று கடைசிவரை பார்த்தார். அவர் மனைவி எங்கள் வட்டத்தில் இருந்தார், எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தட்டினார்.

வகுப்பு இன்னும் நடக்கிறது. இப்போது இருபத்திரண்டு பேர். இந்த வாரம் எனக்கு இரவுப் பணி, போக முடியவில்லை. பத்து மணிச் செய்தி முடிந்து கைப்பேசியைப் பார்த்தால் அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு, ஒரு நிமிடம் நாற்பது விநாடி. புது ஆட்டத்தின் அடிகளை எனக்காக எண்ணிப் பதிந்திருக்கிறார். பின்னணியில் எங்கள் வீட்டு மின்விசிறிச் சத்தம். "வலது, இடது, வலது குறுக்கே, நிறுத்து. இல்ல இல்ல, இரு, நான் ஆடிப் பாத்துட்டுச் சொல்றேன்…" பிறகு சமையலறைத் தரையில் செருப்பு உரசும் ஓசை மட்டும், கொஞ்ச நேரம்.